வலி மாத்திரை: விழுங்குவதற்கு முன்னும் பின்னும் பார்க்க வேண்டியவை

பல்வலிக்கு வாங்கியது ஓர் அட்டை, முட்டிவலிக்கு எழுதிக் கொடுத்தது இன்னோர் அட்டை, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறதே என்று வாங்கி வைத்தது மூன்றாவது. பெயர் வேறு, நிறம் வேறு, வடிவம் வேறு. பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் மூன்றுமே ஒரே குடும்பத்து மருந்தாக இருக்கக்கூடும். வலி மாத்திரையால் வரும் கெடுதல்கள் பலவும் இங்கேதான் தொடங்குகின்றன. எடுப்பது என்ன மருந்து என்று தெரிவதில்லை, எத்தனை நாளாக எடுக்கிறோம் என்று எண்ணுவதுமில்லை.

இவை நல்ல மருந்துகள். சுளுக்கு, பல்வலி, மாதவிடாய் வலி, மூட்டு வீக்கம் என்று தவிக்கிறவர்களுக்கு இவை தரும் நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் வலி குறைவது அரை மணி நேரத்தில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அதே நேரத்தில் இரைப்பையிலும் சிறுநீரகத்திலும் நடப்பது தெரிவதில்லை. வலி போய்விட்டது, அதனால் மருந்து ஒத்துக்கொண்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கீழே வரும் படிகள் எல்லாம் இதற்காகத்தான்.

படி 1: கையில் இருப்பது எது என்று படியுங்கள்

அட்டையின் முன்னால் பெரிய எழுத்தில் இருப்பது தயாரிப்பாளர் வைத்த பெயர். அதை விட்டுவிடுங்கள். பின்பக்கத்து அலுமினியத் தாளில், பெரும்பாலும் கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அளவில், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் எத்தனை மி.கி. என்பதும் இருக்கும். அதுதான் முக்கியம். அழற்சியை, அதாவது வீங்கிச் சிவந்து சூடாகி வலிப்பதை, குறைக்கும் வலி மருந்துகளில் அடிக்கடி கண்ணில் படுபவை: ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென், மெஃபனாமிக் அமிலம், இண்டோமெத்தசின், கீட்டோரோலாக், பைராக்ஸிகாம், மெலாக்ஸிகாம், நிமசுலைடு, செலிகாக்ஸிப், எட்டோரிகாக்ஸிப். ஆஸ்பிரினும் இந்தக் கூட்டம்தான். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பெயரின் வால் பகுதியைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஃபெனாக், ப்ரோஃபென், ஆக்ஸிகாம், காக்ஸிப் என்று முடிந்தால் இந்தக் குடும்பம்.

இங்கே வலி மாத்திரை என்று சொல்வதெல்லாம் இந்தக் குடும்பத்தைத்தான். பாரசிட்டமால் இதில் சேராது. அது காய்ச்சலையும் வலியையும் குறைக்கும். அழற்சியின் மேல் அதற்குப் பெரிய பிடி இல்லை. அதற்கென்று தனி ஆபத்து உண்டு, அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். ஆனால் இரைப்பைப் புண், சிறுநீரகக் கெடுதல் விஷயத்தில் இந்தக் குடும்பத்தை விட அது எவ்வளவோ பாதுகாப்பானது.

குழப்பம் வருவது கூட்டு மாத்திரைகளில். அசிக்ளோஃபெனாக்கும் பாரசிட்டமாலும் சேர்ந்தது, ஐபுப்ரோஃபெனும் பாரசிட்டமாலும் சேர்ந்தது, தசை இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்தது என்று பல உண்டு. சளி, காய்ச்சலுக்கான சில மாத்திரைகளிலும் ஐபுப்ரோஃபென் ஒளிந்திருக்கும். ஒரு கூட்டு மாத்திரையை விழுங்கிவிட்டு, காய்ச்சல் இறங்கவில்லையே என்று தனியாகப் பாரசிட்டமாலும் போட்டால், ஒரே மருந்து இரண்டு தடவை உள்ளே போகிறது.

இன்னொன்று. அட்டையை நறுக்கி நாலைந்து மாத்திரை மட்டும் வாங்கும்போது பெயரும் காலாவதி தேதியும் வெட்டுப்பட்டுப் போய்விடும். கொடுப்பவரிடம் பெயர் தெரிகிற பகுதியைக் கேட்டு வாங்குங்கள், அல்லது முழு அட்டையையும் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாத மாத்திரையை, அது எவ்வளவு நன்றாகக் கேட்ட மாத்திரையாக இருந்தாலும், மறுபடி எடுக்காதீர்கள்.

படி 2: உள்ளே என்ன செய்கிறது என்று ஒரு தடவை தெரிந்துகொள்ளுங்கள்

இது புரிந்தால் மற்ற எச்சரிக்கைகளைத் தனித்தனியாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அடிபட்ட இடத்திலும் வீங்கிய இடத்திலும் உடம்பு புராஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உண்டாக்குகிறது. வலியையும் வீக்கத்தையும் காய்ச்சலையும் தூண்டுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதைத் தயாரிக்கும் நொதியை (என்சைமை) ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் தடுக்கின்றன என்பதை 1971-இல் பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் காட்டினார். புராஸ்டாகிளாண்டின் பற்றிய ஆய்வுகளுக்காக 1982-இல் இன்னும் இருவரோடு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

சிக்கல் என்னவென்றால் புராஸ்டாகிளாண்டின் வலியை மட்டும் கவனித்துக்கொண்டிருக்கவில்லை. இரைப்பையின் உட்சுவரில் அமிலம் படாமல் காக்கும் சளிப்படலத்தை அதுதான் பேணுகிறது. சிறுநீரக வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாயைத் திறந்து வைப்பதும் அதுதான். மாத்திரை இதையெல்லாம் பிரித்துப் பார்க்காது. வலிக்கும் முட்டியில் குறைக்கும்போதே இரைப்பையிலும் சிறுநீரகத்திலும் குறைத்துவிடும்.

ஊசியாகப் போட்டாலும், ஆசனவாய் வழியாக வைத்தாலும் அல்சர் வரலாம் என்பதற்குக் காரணமும் இதுதான். மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் இரைப்பையின் காப்பைக் குலைக்கிறது. வயிற்றுக்குள் போகாததால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பது தவறு.

இந்த நொதியில் இரண்டு வகை உண்டு. இரைப்பையைக் காப்பதில் முதல் வகைக்கும், வீக்கத்தில் இரண்டாம் வகைக்கும் பங்கு அதிகம். இரண்டாவதை மட்டும் தடுத்தால் போதுமே என்று வந்தவைதான் காக்ஸிப் மருந்துகள். இரைப்பைக்கு இவை கொஞ்சம் இதமானவை, உண்மைதான். ஆனால் அவற்றில் ஒன்றான ரோஃபகாக்ஸிப் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுவதாகத் தெரிந்து 2004-இல் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது. அப்புறம் பார்த்ததில் பழைய மருந்துகள் பலவற்றுக்கும் அந்த ஆபத்து இருப்பது தெரிந்தது. டைக்ளோஃபெனாக்குக்கு அது காக்ஸிப்களுக்கு இணையாகவே இருக்கிறது. வயிற்றுக்கு நல்லது என்பதால் இதயத்துக்கும் நல்லது என்று ஆகிவிடாது.

படி 3: உங்கள் உடம்புக்கு இது ஆகுமா?

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட அதே மாத்திரை உங்களை மருத்துவமனையில் படுக்க வைக்கலாம்.

வயிறு. முன்பு அல்சர் வந்தவர்கள், வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள், மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் ஆபத்து கூடுதல். வயிற்றில் எரிச்சலே இல்லையே என்று தைரியமாக இருக்க வேண்டாம். முன்கூட்டி ஒரு அறிகுறியும் காட்டாமல் நேராக ரத்தப்போக்கில் கொண்டுவிடுவது இந்தப் புண்களின் வழக்கம். வயதானவர்களிடம் இது இன்னும் அதிகம்.

சிறுநீரகம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் கவனிக்காமல் மாட்டிக்கொள்வது இதில்தான். வடிகட்டிக்குள் ரத்தம் வரும் குழாய் ஒன்று, வெளியேறும் குழாய் ஒன்று. உள்ளே போதிய அழுத்தம் இருந்தால்தான் வடிகட்டல் நடக்கும். உடம்பில் நீர் குறையும்போது வரும் குழாயைப் புராஸ்டாகிளாண்டின் விரித்துச் சமாளிக்கிறது. வலி மாத்திரை அந்த விரிப்பைத் தடுக்கிறது. பிரஷருக்குத் தரும் ரமிப்ரில், எனலாப்ரில், லொசார்டன், டெல்மிசார்டன் போன்றவை வெளியேறும் குழாயைத் தளர்த்துபவை. நீர் மாத்திரை உடம்பின் நீரையே குறைக்கிறது. மூன்றும் ஒரே சமயத்தில் ஒருவரிடம் சேர்ந்தால் உள்ளே அழுத்தம் விழுந்து, வடிகட்டல் சில நாட்களிலேயே படுத்துவிடலாம்.

இப்படி நினைத்துப் பாருங்கள்: எழுபது வயது அம்மா, பிரஷருக்கு டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்த ஒரே மாத்திரை சாப்பிடுகிறார். முட்டிவலிக்கு அசிக்ளோஃபெனாக் எடுக்கிறார். ஒருநாள் பேதி. தண்ணீரும் சரியாக இறங்கவில்லை. வலி மாத்திரையை மட்டும் விடாமல் போடுகிறார். அடுத்த இரண்டு மூன்று நாளில் சிறுநீர் குறைகிறது, கால் வீங்குகிறது, மயக்கமாக இருக்கிறது என்கிறார். இதில் யாரும் பெரிய தவறு செய்துவிடவில்லை. வாந்தி, பேதி, கடும் காய்ச்சல், சாப்பிட முடியாத நிலை வந்தால் வலி மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை இன்றைக்கே சொல்லிவையுங்கள். பிரஷர் மாத்திரையை என்ன செய்வது என்பதை அந்த நேரத்தில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள் இவற்றைத் தவிர்ப்பதே நல்லது. சர்க்கரை நோயாளிகள் பலருக்குச் சிறுநீரகப் பாதிப்பு இருப்பதே தெரியாது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைக் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யோசியுங்கள்.

இதயம். மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், இதயம் பலவீனமானவர்கள் கடையில் தானாக வாங்கிப் போடக் கூடாது. இவை உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றும், இதயச் செயலிழப்பை மோசமாக்கும். இந்த ஆபத்து மாதக்கணக்கில் எடுத்தால்தான் வரும் என்றில்லை. எடுக்கத் தொடங்கிய முதல் வாரங்களிலேயே மாரடைப்பு, பக்கவாத ஆபத்து கூடலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2015-இல் தன் எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

ஆஸ்துமா. எல்லா ஆஸ்துமாக்காரர்களுக்கும் சிக்கல் வராது. ஆனால் ஆஸ்பிரினோ வேறு வலி மாத்திரையோ போட்டு முன்பு மூச்சுத் திணறல், உடல் தடிப்பு, முக வீக்கம் வந்திருந்தால் இந்தக் குடும்பம் முழுவதையும் ஒதுக்குங்கள். மூக்கில் தசை வளர்ச்சி உள்ள ஆஸ்துமாக்காரர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கர்ப்பம். 20 வாரத்துக்குப் பிறகு மருத்துவர் குறிப்பாகச் சொன்னாலன்றி வேண்டாம். குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையலாம். கடைசி மூன்று மாதத்தில் குழந்தையின் இதயத்தருகே இருக்கும் ஒரு முக்கிய ரத்தக் குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளும் ஆபத்தும் சேர்கிறது. அதற்கு முந்தைய வாரங்களிலும் கேட்காமல் எடுக்க வேண்டாம். மருத்துவரே கொடுத்த குறைந்த அளவு ஆஸ்பிரின் வேறு விஷயம், அதை நீங்களாக நிறுத்தாதீர்கள். பால் கொடுக்கும் தாய்மாருக்கு ஐபுப்ரோஃபென் பொதுவாகப் பரவாயில்லை.

டெங்கு. காய்ச்சலோடு கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டெல்லாம் முறிகிற மாதிரி வலி என்றால் கை இயல்பாக வலி மாத்திரைக்குத்தான் போகும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை பாரசிட்டமால் மட்டும். டெங்குவில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருக்கும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் ரத்தக்கசிவுக்கு வழி வகுக்கும்.

குழந்தைகள். 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மருத்துவர் எழுதாமல் ஆஸ்பிரின் கிடையாது; மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் அபூர்வமாக வரலாம். ஐபுப்ரோஃபென் சிரப் எடைக்குத் தக்க அளவில், மருத்துவர் சொன்னபடி மட்டும். அம்மை போட்டிருக்கும்போதும், பேதியில் குழந்தை வாடியிருக்கும்போதும் அதுவும் வேண்டாம்.

படி 4: இந்த வலிக்கு இது வேண்டுமா?

அழற்சி இருக்கும் வலிக்கு இவை நன்றாகக் கேட்கும். புதுச் சுளுக்கு, பல் பிடுங்கிய பின் வலி, யூரிக் அமிலத்தால் திடீரென வீங்கும் கட்டைவிரல், சிறுநீரகக் கல் வலி, முடக்குவாதம் போன்றவை. மாதவிடாய் வலியில் இவை பாரசிட்டமாலை விடவும் பலன் தரும், ஏனென்றால் கருப்பைச் சுவரில் சுரக்கும் புராஸ்டாகிளாண்டின்தான் அந்த இழுப்பு வலிக்கே காரணம். வலி உச்சத்துக்குப் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்காமல் ஆரம்பத்திலேயே எடுத்தால், இரண்டு மூன்று நாளில் வேலை முடிந்துவிடும்.

நரம்பு எரிச்சல், மரத்துப்போதல் போன்ற வலிக்கு இவற்றால் பெரிதாகப் பயனில்லை. அடிக்கடி தலைவலி வருகிறது என்று மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மாத்திரை போட்டால் மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும்.

முட்டி, கைவிரல் மூட்டு, சுளுக்கு என்றால் முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பாருங்கள். தோல் வழியாக ரத்தத்தில் சேரும் மருந்து மாத்திரையைப் போட்டால் சேர்வதில் ஒரு சிறு பங்குதான். புண், கீறல் மேல் தடவக் கூடாது. தடவிய பின் கை கழுவ வேண்டும். ஜெல்லும் தடவிக்கொண்டு மாத்திரையும் போட்டுக்கொள்வதைப் பலர் செய்கிறார்கள். அது தேவையில்லை.

படி 5: எவ்வளவு, எத்தனை நாள்

ஒரே மருந்து, வலி அடங்கும் அளவுக்கு மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாட்கள். மருத்துவர் சீட்டில்லாமல் பெரியவர்கள் ஐபுப்ரோஃபென் எடுப்பதாக இருந்தால் ஒரு வேளைக்கு 200 அல்லது 400 மி.கி., குறைந்தது 6 மணி நேர இடைவெளி, 24 மணி நேரத்தில் 1200 மி.கி.க்கு மேல் போகக் கூடாது. காய்ச்சலுக்கு 3 நாள், வலிக்கு அதிகபட்சம் 10 நாள். அதற்குள் சரியாகவில்லை என்றால் வலிக்கு என்ன காரணம் என்று பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. டைக்ளோஃபெனாக் நாளுக்கு 150 மி.கி., அசிக்ளோஃபெனாக் 100 மி.கி. வீதம் இரண்டு வேளை என்பவை மேல் வரம்புகள். வயதானவர்களுக்கு இன்னும் குறைவு. கீட்டோரோலாக் வீரியமானது, ஊசி மாத்திரை எல்லாம் சேர்த்து 5 நாளைத் தாண்டக் கூடாது.

அளவைக் கூட்டினால் வலி அதே விகிதத்தில் குறையாது. ஓர் எல்லைக்கு மேல் பலன் நின்றுவிடும், கெடுதல் மட்டும் ஏறும். ஒன்று கேட்கவில்லை என்று அதே குடும்பத்து இன்னொன்றை மேலே போடுவதும் அப்படித்தான். போதவில்லை என்றால் பாரசிட்டமாலைச் சேர்த்துக்கொள்ளலாம், அது வேறு வழியில் வேலை செய்வதால் இரண்டும் மோதாது. நாளுக்கு 4 கிராமுக்குள் நிறுத்துங்கள். ஒல்லியானவர்களும் மது அருந்துபவர்களும் அதைவிடக் குறைவாக.

மருந்தை மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐபுப்ரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். நாப்ராக்ஸென், எட்டோரிகாக்ஸிப் ஒரு நாளைத் தாண்டியும் தங்கும். பைராக்ஸிகாம் நாட்கணக்கில் இருக்கும். நேற்றுப் போட்டதுதான், இன்றைக்கு வேறு போடலாம் என்ற கணக்கு எல்லாவற்றுக்கும் சரிவராது.

படி 6: விழுங்கும் விதம்

உட்கார்ந்தோ நின்றோ, ஒரு டம்ளர் தண்ணீரோடு. படுத்துக்கொண்டே ஒரு மிடறு தண்ணீரில் விழுங்கினால் உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கும். மேல்பூச்சு உள்ள மாத்திரையையும் மெல்ல மெல்லக் கரையும் மாத்திரையையும் உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் குமட்டலும் எரிச்சலும் குறையும், சரி. அல்சரை அது தடுத்துவிடும் என்று மட்டும் நம்பாதீர்கள். அமிலத்தைத் தணிக்கும் சிரப்பும் அப்படித்தான். எரிச்சலை மறைக்கும், புண்ணைத் தடுக்காது. அல்சர் ஆபத்து உள்ளவர்களுக்கு ஒமிப்ரசோல், பேண்டப்ரசோல் போன்றவற்றை மருத்துவர் சேர்த்துத் தருவார். அவை இரைப்பையையும் முன்சிறுகுடலையும் காக்கும். குடலின் கீழ்ப்பகுதியையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்காது. மாத்திரை எடுக்கும் நாட்களில் மது வேண்டாம்.

படி 7: கூட எடுக்கும் மருந்துகள்

வார்ஃபரின், ரிவரொக்ஸபான், குளோபிடோக்ரெல் போல ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து எடுப்பவர்கள் கேட்காமல் ஒரு மாத்திரை கூடப் போடக் கூடாது. மனச்சோர்வுக்குத் தரும் எசிட்டலோப்ராம், செர்ட்ரலின், ஃப்ளூஆக்ஸெட்டின் ஆகியவையும் ரத்தக்கசிவு ஆபத்தைக் கூட்டும். இது பலருக்குத் தெரிவதில்லை. மனநலச் சிகிச்சைக்குத் தரும் லித்தியம், மெத்தோட்ரெக்சேட் இரண்டும் உடம்பில் தேங்கி நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட்டும் வலி மாத்திரையும் சேர்த்தே தருவதுண்டு, ரத்தப் பரிசோதனையோடு. அந்தக் கண்காணிப்பு இல்லாமல் நாமாகச் சேர்ப்பதுதான் ஆபத்து.

இதயத்துக்காகத் தினமும் 75 மி.கி. ஆஸ்பிரின் எடுப்பவர்களுக்கு ஐபுப்ரோஃபென் இன்னொரு தொல்லை தரும்: ஆஸ்பிரின் போய் உட்கார வேண்டிய இடத்தை முதலில் பிடித்துக்கொண்டு அதன் காப்பைக் குறைக்கும். எப்போதாவது ஒருமுறை தவிர்க்க முடியவில்லை என்றால், மேல்பூச்சில்லாத ஆஸ்பிரின் எடுத்து அரை மணி நேரத்துக்குப் பிறகு ஐபுப்ரோஃபென் எடுக்கலாம். தொடர்ந்து வேண்டியிருந்தால் வேறு வழி கேளுங்கள்.

படி 8: எடுத்த பிறகு எதைக் கவனிப்பது

மலம் தார் போலக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, ஒருவித நாற்றத்தோடு போனால் அது வயிற்றில் ரத்தம் கசிவதன் அடையாளம். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், அதனால் அதைச் சாப்பிடுபவர்கள் அதுதான் காரணம் என்று விட்டுவிடுவது உண்டு. வலி மாத்திரையும் சேர்ந்து எடுக்கும்போது அப்படி விடாதீர்கள். காபித்தூள் போன்ற வாந்தி, ரத்த வாந்தி, திடீரென்று கத்தி குத்துவது போன்ற வயிற்று வலி, எழுந்தால் கண் இருட்டிக்கொண்டு வருவது ஆகியவற்றுக்கு உடனே மருத்துவமனைதான். நெஞ்சு அழுத்தம், மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் தளர்வு, வாய் கோணல், பேச்சுக் குழறல், உதடும் முகமும் வீங்குவது ஆகியவையும் அப்படியே. தோலில் கொப்புளம், வாயிலும் கண்ணிலும் புண், காய்ச்சலோடு பரவும் சிவப்புத் தடிப்பு வந்தால் மாத்திரையை அந்தக் கணமே நிறுத்திவிட்டுப் போங்கள்.

சிறுநீர் குறைவது, கால் வீங்குவது, இரண்டு மூன்று நாளில் எடை கூடுவது, காரணமில்லாத களைப்பு ஆகியவை மெல்ல வருபவை. அன்றைக்கோ மறுநாளோ மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், காலியானதையும் சேர்த்து. வெள்ளை மாத்திரை, நீளமாக இருக்கும் என்று சொல்வதால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

தொடர்ந்து எடுக்க வேண்டியவர்களுக்கு

முடக்குவாதம், முதுகெலும்பு அழற்சி உள்ள சிலருக்கு மாதக்கணக்கில் இவை இல்லாமல் முடியாது. அவர்களைக் குற்றவாளி போலப் பார்ப்பது நியாயமில்லை. தினமும் எடுக்கும்போது வீக்கத்தில் முழுப் பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம், அதற்குள் மருந்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். தொடங்கும் முன்பும், தொடங்கிய சில வாரங்களிலும், அப்புறம் மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் ரத்த அழுத்தம், கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தால், எங்கோ சத்தமில்லாமல் ரத்தம் கசிகிறதா என்று கேளுங்கள். ஒவ்வொரு முறை மருத்துவரைப் பார்க்கும்போதும் அளவைக் குறைக்க முடியுமா, வலி இருக்கும் நாட்களில் மட்டும் எடுத்தால் போதுமா, தொடை தசைக்கான பயிற்சியாலோ எடையைக் குறைத்தோ சமாளிக்க முடியுமா என்று நீங்களே பேச்சை எடுங்கள். நாட்காட்டியில் மாத்திரை போட்ட நாட்களுக்கு ஒரு கோடு போட்டு வந்தாலே போதும். எப்போதாவதுதான் எடுக்கிறேன் என்பது மாதத்தில் எத்தனை நாள் என்று அவரிடம் காட்டிவிடலாம்.